ஜிம் ஸ்டைன்ஸ் கட்டுரைக்குச் சில திருத்தங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில் ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்து வீரர் ஜிம் ஸ்டைன்ஸ் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை நல்ல முயற்சி. இந்த ஆட்டத்தைப் பற்றித் தமிழில் எழுதுவோர் மிகக் குறைவு. ஆனால் கட்டுரையில் இரண்டு இடங்களில் அவர் 'ரக்பி வீரர்' ஆகிவிட்டார். உடன் வந்த படத்தில் இருப்பதும் ரக்பி பந்துதான். இது அச்சுப்பிழை மாதிரி. ஒரு வரித் திருத்தத்தில் முடிந்துவிடும். கதை சொன்ன விதம்தான் உறுத்துகிறது. அயர்லாந்திலிருந்து ஓர் உயரமான பையன் வந்தான். 1987-ல் கவனக்குறைவால் அணியைக் கவிழ்த்தான். நான்கே ஆண்டுகளில் நாட்டின் பெரிய விருதை வாங்கினான். நம் சினிமாவில் ஒரே பாட்டுக்குள் கதாநாயகன் மாட்டுவண்டியிலிருந்து காருக்கு மாறுவானே, அப்படி இருக்கிறது. அந்தப் பாட்டு ஓடிய நேரத்தில் உண்மையில் என்ன நடந்தது என்பதைச் சொன்னால்தான் ஸ்டைன்ஸ் ஏன் பெரிய ஆட்டக்காரர் என்பது புரியும்.

முதலில் ஆட்டம். ஆஸ்திரேலிய ரூல்ஸ், ரக்பியின் கிளை அல்ல. மெல்போர்ன் கிளப் தன் விதிகளை எழுதி வைத்தது 1859 மே மாதம். பக்கத்துக்கு 18 பேர். மைதானம் கிரிக்கெட் மைதானம் மாதிரி நீள்வட்டம். நீளம் 135 முதல் 185 மீட்டர் வரை, அகலம் 110 முதல் 155 மீட்டர் வரை இருக்கலாம். இரு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்கும் இடையே 6.4 மீட்டர், அதற்குள் உதைத்தால் கோல், 6 புள்ளி. ஓரக் கம்பத்துக்கும் நடுக் கம்பத்துக்கும் இடையே போனால் 'பிஹைண்ட்', 1 புள்ளி. பந்தை எறியக் கூடாது. ஒரு கையில் வைத்து மறு கை முஷ்டியால் குத்தி அனுப்ப வேண்டும், அல்லது உதைக்க வேண்டும். உதைத்து வரும் பந்தை, குறிப்பிட்ட தூரத்துக்கு மேல் வந்ததாக இருந்து, தரையில் விழாமலும் வேறு யார் கையும் படாமலும் பிடித்துவிட்டால் அது 'மார்க்'. பிடித்தவர் யாரும் தொல்லை தராமல் நின்று உதைக்கலாம். ஆஃப்சைடு கிடையாது. அதனால் எதிராளி எல்லாப் பக்கத்திலிருந்தும் வருவான். வேறு ஆட்டத்திலிருந்து வருகிறவர்களை முதலில் திணறடிப்பது இதுதான்.

ஸ்டைன்ஸ் ஆடி வளர்ந்தது அயர்லாந்தின் சொந்த ஆட்டமான கேலிக் கால்பந்து. பிறந்தது 1966 ஏப்ரல் 23, டப்ளினில். பாலிபோடன் செயின்ட் எண்டாஸ் அவருடைய கிளப். 1984-ல் 18 வயதுக்கு உட்பட்டோருக்கான அகில அயர்லாந்துக் கோப்பையை வென்ற டப்ளின் அணியில் இருந்தார். அந்த ஆண்டின் கடைசியில், இன்னொரு அயர்லாந்துப் பையனோடு மெல்போர்னுக்கு விமானம் ஏறினார்.

அவர் தற்செயலாக வந்து சேரவில்லை. மெல்போர்ன் அணியின் அன்றைய பயிற்சியாளர் ரான் பராசி. ஆட்டக்காரராக அதே கிளப்புக்கு ஆறு கோப்பைகள் வென்றவர். 1967-ல் அயர்லாந்துக்குச் சுற்றுப்பயணம் போன ஆஸ்திரேலிய அணியில் ஆடியபோதே, கேலிக் ஆட்டக்காரர்களின் ஓட்டத்தையும் உயரப் பிடிக்கும் பிடியையும் நேரில் பார்த்திருந்தார். எண்பதுகளின் முதல் பாதியில் மெல்போர்ன் அணி பட்டியலின் கீழ்ப்பகுதியில் கிடந்தது. நல்ல உள்ளூர்ப் பையன்களுக்கு எல்லா அணிகளும் போட்டி போட்ட காலம். அயர்லாந்தில் போட்டி போட ஆளில்லை. செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்து, உயரமான இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, தங்குமிடமும் படிக்க உதவித்தொகையும் தந்து கூட்டி வந்தார்கள். இதை 'அயர்லாந்துப் பரிசோதனை' என்பார்கள். ஸ்டைன்ஸுக்கு முன்பே இந்த வழியில் வந்த ஷான் வைட் நிலைத்துவிட்டார். வந்தவர்களில் பலர் நிலைக்கவில்லை, வீட்டுக்குத் திரும்பினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பரிசோதனை என்ற சொல் பொருத்தமானதுதான்.

இனி பந்துக்கு வருவோம். கட்டுரை முழுக்க விட்டுவிட்டது இதைத்தான்.

கேலிக் பந்து உருண்டை. உருண்டைப் பந்து உதைப்பவனின் பிழையைப் பெரும்பாலும் மன்னித்துவிடும். காலைச் சற்று வளைத்துச் சுழற்றி உதைத்தாலும் அழகாக வளைந்து போய்க் கம்பத்துக்கு மேலே ஏறும். முட்டை வடிவப் பந்துக்கு அந்தக் கருணை கிடையாது. ஆஸ்திரேலிய ஆட்டத்தில் அடிப்படை உதை 'டிராப் பன்ட்'. பந்தைச் செங்குத்தாக, இரு பக்கமும் விரல்கள் படர்ந்திருக்கப் பிடிக்க வேண்டும். உதைக்கும் காலின் தொடைக்கு நேர் மேலே பந்து இருக்க வேண்டும். வலது காலால் உதைப்பவர் இடது கையை முதலில் எடுத்துவிட்டு, வலது கையாலேயே பந்தைக் கீழே வழிநடத்தி விட வேண்டும். கையிலிருந்து காலுக்கு உள்ள தூரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. கணுக்கால் இறுகி, விரல்கள் நீண்டு, பாதத்தின் மேல்புறக் கெட்டிப் பகுதி பந்தின் அடி முனையில் பட வேண்டும். பட்ட பிறகும் கால் இலக்கை நோக்கி நேராக எழ வேண்டும். அப்போது பந்து தன்னை நோக்கியே பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடித்தபடி போகும். அந்தச் சுழற்சிதான் திசையைக் காப்பாற்றுகிறது. பிடிப்பவனுக்கும் பந்து எங்கே இறங்கும் என்பது தெரியும்.

பிழைகள் எங்கே வரும்? மார்பு உயரத்திலிருந்து பந்தைப் போட்டால் கீழே வருவதற்குள் சாய்ந்துவிடும். சாய்ந்த பந்தின் வயிற்றில் கால் பட்டால் அது எங்கே போகும் என்று உதைத்தவருக்கே தெரியாது. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் விட்டால் பந்து உருளும். கேலிக் பழக்கத்தில் காலை உடம்புக்குக் குறுக்கே வீசினால், பந்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். அயர்லாந்திலிருந்து வருகிற எவருக்கும் முதல் ஆண்டு இந்த மூன்றோடுதான் மல்லுக்கட்டு. ஸ்டைன்ஸும் விதிவிலக்கல்ல, அவர் உதை கடைசி வரை பார்க்க அழகான உதை என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகிற உதையாக அதை ஆக்கிக்கொண்டார்.

ஓடும்போது பந்தைத் தரையில் தட்டுவதும் அப்படித்தான். கேலிக் ஆட்டத்தில் நான்கு காலடிக்கு ஒரு முறை பந்தைத் தரையில் தட்ட வேண்டும் அல்லது கால்விரலால் தட்டிக் கைக்கு எடுக்க வேண்டும். ஆஸ்திரேலிய ஆட்டத்தில் இன்றைய விதிப்படி 15 மீட்டருக்கு ஒரு முறை தட்டினால் போதும். ஆனால் முட்டைப் பந்தைச் சரியான சாய்வில், கூர்முனைக்குப் பக்கத்தில் தரைபடும்படி தள்ளினால்தான் கைக்குத் திரும்பும். வயிறு பட்டால் பக்கவாட்டில் ஓடிவிடும். கேலிக் கை தேவையில்லாத இடத்திலும் தட்டப் பார்க்கும். அந்த அரை நொடியில் பின்னால் வருகிறவன் பிடித்துவிடுவான்.

பிடி என்றதும் இன்னொன்று. கேலிக் ஆட்டத்தில் தோளோடு தோள் மோதலாம். கையால் வளைத்துப் பிடித்துக் கீழே தள்ள முடியாது. இங்கே தோளுக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே எங்கு வேண்டுமானாலும் வளைத்துப் பிடிக்கலாம். பந்தை அனுப்ப வாய்ப்பிருந்தும் அனுப்பாமல் பிடிபட்டால் எதிரணிக்கு ஃப்ரீ கிக். தலையை நிமிர்த்திக்கொண்டு ஓடிப் பழகிய டப்ளின் பையன், முதுகுக்குப் பின்னாலும் ஒரு கண் வைத்துக்கொள்ளக் கற்க வேண்டும். தரையில் கிடக்கும் பந்தை எடுப்பதிலும் வேறுபாடு உண்டு. கேலிக் ஆண்கள் ஆட்டத்தில் அதைக் கையால் நேராக எடுக்கக் கூடாது. கால்விரலால் கோரி எடுக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் கால் முன்னே போகும். ஆஸ்திரேலிய ஆட்டத்தில் கால் முன்னே போனால் பந்து போயே போய்விடும். இடுப்பை வளைத்து, காலைப் பந்துக்குப் பக்கவாட்டில் ஊன்றி, இரண்டு கையாலும் அள்ள வேண்டும்.

இத்தனையையும் மறந்து, இத்தனையையும் புதிதாகப் படிக்க அவருக்கு இரண்டு முழு ஆண்டுகள் ஆயின. 'வந்த ஆண்டே களத்தில் கலக்கினார்' என்று எழுதியிருக்கிறீர்கள், அது தவறு. 1985-ல் மெல்போர்னின் 19 வயதுக்கு உட்பட்டோர் அணியில் ஆடினார். 1986-ல் ஒரு படி கீழே உள்ள விக்டோரியக் கால்பந்துச் சங்கப் போட்டியில் ப்ராரன் கிளப்புக்கு அனுப்பப்பட்டார். மூத்த அணிக்கு முதல் ஆட்டம் 1987-ல்தான். அப்போது பராசி போய், ஜான் நார்தி பயிற்சியாளராக வந்துவிட்டார். பதினெட்டு வயதில் வீட்டை விட்டு வந்தவனை இரண்டாம் ஆண்டில் சிறிய கிளப்புக்கு அனுப்பினால், 'உன்னால் முடியாது' என்று கிளப் சொல்வதாகத்தான் காதில் விழும். அங்கே ஆட வாரா வாரம் முழு ஆட்டம் கிடைத்தது. பெரிய அணியின் மாற்று வரிசையில் உட்கார்ந்திருந்தால் கிடைத்திருக்காது.

அவரிடம் மாற்றத் தேவையில்லாதவையும் இருந்தன. கேலிக் நடுக்கள வீரனுக்கு ஓயாத ஓட்டமும், தலைக்கு மேல் உயர்ந்து பந்தைப் பறிப்பதும் தொழில். உயரம் 199 செ.மீ. இரண்டையும் சேர்த்தால் எந்த இடம் என்பதில் சந்தேகம் இல்லை: ரக்.

ரக்மேன் என்பவர் நடுவர் பந்தை மேலே எழுப்பும்போதும் (அக்காலத்தில் தரையில் அடித்து எழுப்புவார்கள்), எல்லைக்கு வெளியே போன பந்தை எல்லை நடுவர் உள்ளே வீசும்போதும், எதிரணி ரக்மேனோடு எகிறித் தன் ஆளுக்குத் தட்டிவிடுகிறவர். கூடைப்பந்தின் தொடக்க எகிறல், ஓர் ஆட்டத்தில் பல பத்து முறை நடந்தால் எப்படியோ அப்படி. கூடவே முழங்காலும் முழங்கையும் சேரும். தட்டுவது உள்ளங்கையால், எங்கே தன் ஆள் ஓடி வருகிறான் என்று தெரிந்து அந்த இடத்தில் விழும்படி தட்ட வேண்டும். முஷ்டியால் ஓங்கிக் குத்துவது பதற்றத்தில் செய்வது. பந்து தூரம் போகும், யாருக்குப் போகும் என்பது அதிர்ஷ்டம். நேரம் தவறி முன்னதாக எகிறினால் இறங்கும்போது பந்து மேலே இருக்கும். பின்தங்கினால் எதிராளியின் முழங்கால் விலாவில் இருக்கும்.

அக்கால ரக்மேன்களில் பலர் மலை மாதிரி ஆட்கள். ஓர் எகிறலிலிருந்து அடுத்த எகிறலுக்கு நடந்து போவார்கள். ஸ்டைன்ஸ் ஓடினார். தட்டிவிட்ட பந்தின் பின்னாலேயே ஓடிக் கூடுதல் ஆளாக நின்றார். தன் கோல் பக்கம் ஆபத்து என்றால் பின்னால் இறங்கி மார்க் பிடித்தார். அடுத்த நிமிடம் மறுமுனையில் இருந்தார். எதிரணி ரக்மேன் அவர் பின்னால் ஓட வேண்டும், அல்லது அவரைத் தனியே விட வேண்டும். இரண்டுமே நஷ்டம். இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. 1993 வரை மாற்று வீரர்கள் இரண்டே பேர். 1994-ல் மூன்று, 1998-ல் நான்கு. இன்று மாதிரி ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வெளியே வந்து மூச்சு வாங்க வழியில்லை. ஆட்டம் முற்ற முற்ற மற்றவர்கள் தளர, அவர் அப்படியே இருந்தார். ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதியில் அவர் கையில் பந்து அடிக்கடி தெரிந்ததன் காரணம் இதுதான். உயரம் அல்ல, உயரத்தில் அவரை மிஞ்சியவர்கள் இருந்தார்கள். கார்ல்டனின் ஜஸ்டின் மேடன் 206 செ.மீ.

இப்போது 1987. நீங்கள் 'கவனக்குறைவு' என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்ட நிகழ்ச்சி.

அது இறுதிப் போட்டிக்கு முந்தைய ஆட்டம். செப்டம்பர் 19, வேவர்லி பார்க் மைதானம். மெல்போர்னும் ஹாதார்னும் மோதின. 1964-க்குப் பிறகு மெல்போர்ன் இறுதிச் சுற்றுகளுக்குள் வந்ததே அந்த ஆண்டுதான். கடைசி நொடிகளில் மெல்போர்ன் முன்னிலையில் இருந்தது. ஹாதார்னின் கேரி பக்கனாராவுக்கு ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது. கோலிலிருந்து சுமார் 55 மீட்டர். அங்கிருந்து உதைத்துக் கோல் போடுவது அரிது. ஆட்டம் ஏறக்குறைய முடிந்த மாதிரி.

ஃப்ரீ கிக் எடுப்பவருக்கு எதிரே ஒரே ஓர் எதிராளி, தவறு நடந்த இடத்தில் நிற்கலாம். அந்த இடத்துக்குப் பெயரும் 'மார்க்' தான். அவருக்கும் உதைப்பவருக்கும் நடுவே உள்ள பாதை காலியாக இருக்க வேண்டும்; எதிரணியில் வேறு யாரும் அதைக் குறுக்கே கடக்கக் கூடாது. கடந்தால், அக்கால விதிப்படி 15 மீட்டர் தண்டனை. ஸ்டைன்ஸ், தனியே நின்ற ஓர் எதிராளியை மறிக்க ஓடியபோது அந்தப் பாதையைக் கடந்துவிட்டார். நடுவர் பக்கனாராவை 15 மீட்டர் முன்னே கொண்டுவந்தார். சுமார் 40 மீட்டர் என்றால் அது அவருக்கு வழக்கமான உதை. சைரன் ஒலித்துவிட்டது, சைரனுக்கு முன் கிடைத்த உதையைப் பின்னால் எடுக்கலாம் என்பது விதி. உதைத்தார், கோல். ஹாதார்ன் 11.14 (11 கோல், 14 பிஹைண்ட்), அதாவது 80, மெல்போர்ன் 10.18, அதாவது 78. இரண்டு புள்ளி.

அவர் அங்கே சும்மா நின்று வேடிக்கை பார்த்திருந்தால் அது நடந்திருக்காது. கவனமில்லாதவன் எதிராளியை மறிக்க ஓட மாட்டான். கேலிக் ஆட்டத்தில் ஃப்ரீ கிக் என்றால் எதிராளிகள் பந்திலிருந்து 13 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். உடனே உதைத்துவிடுவார்கள் என்பதால் விசில் கேட்டதும் அவரவர் ஆளைத் தேடி ஓடுவதுதான் நல்ல ஆட்டக்காரனின் லட்சணம். இருவருக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு பாதை இருக்கிறது என்ற எண்ணமே அந்த ஆட்டத்தில் கிடையாது. உதைக்கும் காலையும் தட்டும் கையையும் பழக்கத்தால் திருத்தலாம். பயிற்சியில் ஆயிரம் முறை செய்யலாம். களத்தில் களைத்துப்போன கடைசி நிமிடத்தில் கால் எங்கே ஓடும் என்பது பத்து வயதில் ஊறியது. என் கணிப்பில் அந்தத் தவறு கடைசியாக மிஞ்சியிருந்த கேலிக் பழக்கம். மூத்த அணியில் அது அவருக்கு முதல் ஆண்டு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஆட்டம் முடிந்ததும் நார்தி அவரைத் திட்டித் தீர்த்தது தொலைக்காட்சியில் பதிவாகிவிட்டது. அதை இன்றும் போட்டுக்காட்டுகிறார்கள். ஆனால் ஒன்று: கடைசிக் கால் பகுதி தொடங்கும்போது மெல்போர்ன் 22 புள்ளி முன்னிலையில் இருந்தது. அதைக் கரைத்தது ஒரு மனிதனின் இரண்டு நொடி அல்ல. 10 கோலுக்கு 18 பிஹைண்ட் உதைத்த அணி, அந்தப் பதினெட்டில் ஒன்று சரியாகப் போயிருந்தாலும் ஜெயித்திருக்கும். கூடுதலாக ஒன்று: அந்தக் கோலால் இறுதிக்குப் போன ஹாதார்ன், அங்கே கார்ல்டனிடம் தோற்றது. 1988-ல் 15 மீட்டர் தண்டனை 50 மீட்டராக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டு மெல்போர்ன் இறுதிக்கே வந்து, ஹாதார்னிடமே 96 புள்ளியில் தோற்றது. ஸ்டைன்ஸ் அந்த ஆட்டத்திலும் ஆடினார்.

அடுத்து, அவர் வாங்கிய அந்தப் பெரிய விருது, சீசனின் சிறந்த வீரருக்கான பிரௌன்லோ பதக்கம் பற்றி. அது நிபுணர் குழு கூடித் தரும் விருது அல்ல. ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் களத்தில் நின்ற நடுவர்கள் மூன்று பேருக்கு 3, 2, 1 என்று வாக்குப் போட்டு உறையில் அடைத்துவிடுவார்கள். சீசன் முடிந்த பிறகுதான் எண்ணுவார்கள். ஒழுங்கு நடவடிக்கையில் தடை வாங்கியவர் வெல்ல முடியாது. 1991-ல் ஸ்டைன்ஸுக்கு 25 வாக்கு. வெளிநாட்டில் வளர்ந்து, அங்கிருந்து சேர்க்கப்பட்டு வந்த ஒருவர் அதை வென்றது அந்த ஒரு முறைதான். ரக்மேனுக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு என்பதை மறைக்க வேண்டாம்: ஒவ்வொரு எகிறலிலும் நடுவரின் கண்ணுக்கு நேரே நிற்பவர் அவர். ஆனால் அதே ஆண்டு, சக வீரர்கள் வாக்களிக்கும் விருதும், சொந்தக் கிளப்பின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே. எதிரில் மோதியவர்களும் கூட இருந்தவர்களும் நடுவர்களும் ஒரே பெயரைச் சொன்னார்கள்.

பதக்கத்தைவிட நான் மேலே வைப்பது 244. கட்டுரையில் இதற்கு அரை வரி.

1987 முதல் 1998 வரை இடைவிடாமல் 244 ஆட்டங்கள். முந்தைய சாதனை ரிச்மண்டின் ஜாக் டைட்டஸுடையது. ஸ்டைன்ஸ் அதை 1996-ல் தாண்டினார். 1988 முதல் 1997 வரை பத்து சீசன்களில் அவர் இல்லாமல் மெல்போர்ன் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. இது எந்த இடத்தில் ஆடியவர் செய்தது என்று பாருங்கள். ஓரத்தில் நின்று ஆடும் சிறிய வீரர் அல்ல. ஆட்டத்துக்குப் பல பத்து முறை நூறு கிலோ ஆளோடு அந்தரத்தில் மோதி, எப்படி இறங்குவோம் என்று தெரியாமல் இறங்குகிறவர். அக்காலத்தில் நடு எகிறலுக்கு ரக்மேன்கள் எவ்வளவு தூரத்திலிருந்தும் ஓடி வரலாம். ஓடி வந்து எகிறும்போது முன்னால் நீளும் முழங்கால், எதிராளியின் முழங்காலில் மோதும். முழங்காலின் பின்பக்கத் தசைநார் கிழியும். இப்படிப் பலர் வீழ்ந்த பிறகே 2005-ல் 10 மீட்டர் வட்டம் வரைந்து ஓட்டத்தைக் கட்டுப்படுத்தினார்கள். ஸ்டைன்ஸின் காலம் முழுக்க அந்த வட்டம் இல்லை.

தொடர் ஆட்டச் சாதனைக்கு மூன்று எதிரிகள்: காயம், தேர்வுக்குழு, தடை. மூன்றில் ஒன்று ஒரு வாரம் வென்றாலும் கணக்கு பூஜ்யத்துக்குப் போகும். அவர் காயமே படாதவர் அல்ல. விலாவில் அடிபட்டு, மார்புக்குக் காப்பு மாட்டிக்கொண்டு ஆடியதும் உண்டு. இதை வீரம் என்று மட்டும் பார்க்க வேண்டியதில்லை. இன்று ஒருவருக்குத் தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி உறுதியானால் குறைந்தது 12 நாள் ஆட விடமாட்டார்கள். அது சரியான விதி. ஸ்டைன்ஸின் காலத்தில் முடிவு பெரும்பாலும் வீரனின் வாயில் இருந்தது. 'முடியும்' என்று சொன்னால் ஆடலாம். சாதனையைப் பாராட்டும்போது அதன் காலத்தையும் சேர்த்துத்தான் பாராட்ட முடியும். 1998-ல் கை எலும்பு முறிந்ததும் வரிசை நின்றது. அந்த சீசனோடு ஓய்வு பெற்றார். மொத்தம் 264 ஆட்டம், 130 கோல். அதாவது வாழ்நாள் முழுவதிலும் அந்த வரிசைக்கு வெளியே அவர் ஆடியது வெறும் 20. சாதனை கால் நூற்றாண்டுக்கு மேல் அவர் பெயரிலேயே நின்றது.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு வரிசை: கிளப்பின் சிறந்த வீரர் விருது 1991-ல் வந்ததோடு முடியவில்லை. 1995, 1996, 1997 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வாங்கினார். அப்போது வயது முப்பதைத் தொட்டிருந்தது. 1997-ல் மெல்போர்ன் பதினாறு அணிகளில் பதினாறாவது. வென்றுகொண்டே இருக்கும் அணியில் நன்றாக ஆடுவது வேறு; எல்லாச் சனிக்கிழமையும் தோற்கும் அணியில் முப்பத்தோரு வயதில் முதல் ஆளாக ஆடுவது வேறு. கோப்பை மட்டும் கடைசி வரை அவர் கைக்கு வரவில்லை. மெல்போர்ன் 1964-க்குப் பிறகு மறுபடி கோப்பை வென்றது 2021-ல்.

ஆட்டத்துக்குப் பிறகான வாழ்க்கையை நீங்கள் ஓரளவு சரியாகவே தந்திருக்கிறீர்கள். தேதிகள் மட்டும் குழம்பியிருக்கின்றன. இளைஞர்களுக்கான 'ரீச்' அமைப்பைத் திரைப்பட இயக்குநர் பால் கரியுடன் சேர்ந்து தொடங்கியது ஓய்வுக்குப் பின்னர் அல்ல, 1994-ல், ஆடிக்கொண்டிருந்தபோதே. மெல்போர்ன் கிளப்பின் தலைவரானது 2008-ல். அப்போது கிளப்பின் கடன் சுமார் 50 லட்சம் டாலர், 2010-ல் தீர்ந்தது. தோல் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டதை அவர் அறிவித்தது 2009-ல். அதற்குப் பின்னும் தலைவராகத் தொடர்ந்து, 2012 தொடக்கத்தில் விலகினார். மறைந்தது 2012 மார்ச் 20, வயது 45. விக்டோரிய அரசு அரசு மரியாதையோடு அடக்கச் சடங்கு நடத்தியது.

'அவருக்குப் பின் அயர்லாந்திலிருந்து யாரும் வரவில்லை' என்ற வரியையும் நீக்க வேண்டும். வந்துகொண்டே இருக்கிறார்கள். கெர்ரியின் டைக் கென்னலி 2005-ல் சிட்னி அணியோடு கோப்பை வென்றார். பிறகு ஊர் திரும்பி 2009-ல் அகில அயர்லாந்துக் கோப்பையும் வென்றார். 2022-ல் ஜீலாங் வென்றபோது அதில் ஸாக் டூஹி, மார்க் ஓ'கானர் என்று இரண்டு அயர்லாந்துக்காரர்கள். டூஹி 288 ஆட்டங்கள் ஆடி, அயர்லாந்துக்காரர்களில் அதிக ஆட்டம் என்ற ஸ்டைன்ஸின் எண்ணிக்கையைத் தாண்டிவிட்டார். ஆனால் இவர்களில் யாரும் ரக்மேன் அல்ல. பெரும்பாலும் பின்களத்தில் இருந்து ஓடிப் பந்தைக் கொண்டுவருகிறவர்கள். அதுவும் காரணத்தோடுதான். இன்றைய ரக்மேன்கள் 200 செ.மீ.க்கு மேல், அந்த உயரத்தில் கேலிக் ஆட்டக்காரர்கள் அபூர்வம். பின்களத்திலோ பந்தை வாங்கும்போது கண்ணெதிரே களம் விரிந்து தெரியும், முதுகுப் பக்கத்து ஆபத்து குறைவு. புதிதாக வருகிறவர் தன் பழைய பழக்கங்களைத் திருத்திக்கொள்ள அங்கே நேரம் கிடைக்கும். ஸ்டைன்ஸ் அந்தச் சலுகை இல்லாமல் நடுக்களத்தில் நின்று கற்றார்.

இணையப் பதிப்பில் படத்தை மாற்றும்போது, பின்னணியில் நான்கு கம்பங்களும் வரிசையாகத் தெரிகிற ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் நல்லது. ரக்பியில் இரண்டு கம்பத்துக்கு நடுவே ஒரு குறுக்குச் சட்டம் இருக்கும். இதில் அது இருக்காது. 

இங்ஙனம்,
ஒரு வாசகர்
மெல்போர்ன்